அனாபொலிஸில் ஐஸ் ஹாக்கி ஏன் இன்னும் ‘கிளப்’?

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், செவர்ன் ஆறு செசபீக் விரிகுடாவில் கலக்கும் இடத்தில் அனாபொலிஸ் என்ற சிறிய ஊர் இருக்கிறது. அமெரிக்கக் கடற்படை தன் அதிகாரிகளை உருவாக்கும் அகாடமி 1845-இல் தொடங்கியது அங்கேதான். அதன் வளாகத்துக்குள் டால்கிரன் ஹால் என்றொரு நீளமான கட்டடம். 1903-இல் கட்டி முடித்தபோது அது ஆயுதசாலை. பீரங்கி வடிவமைப்பில் பேர்பெற்ற கடற்படைத் தளபதி ஜான் டால்கிரனின் பெயரை அதற்கு வைத்தார்கள். மாணவர்கள் துப்பாக்கி ஏந்திக் கவாத்து பழகிய அந்தத் தரையில், 1970-களில் பனித்தளம் போட்டார்கள். 2007-இல் புதிய அரங்கம் திறக்கும்வரை அகாடமியின் ஐஸ் ஹாக்கி அங்கேதான் நடந்தது.

புதிய அரங்கத்தின் பெயர் மெக்மல்லன் ஹாக்கி அரங்கம். ஜான் மெக்மல்லன் இதே அகாடமியில் 1940-இல் படித்து முடித்தவர், கப்பல் வடிவமைப்பாளர். 1982-இல் கொலராடோவில் இருந்த ஒரு என்எச்எல் (வட அமெரிக்கத் தொழில்முறை ஐஸ் ஹாக்கி லீக்) அணியை வாங்கி, நியூ ஜெர்சிக்குக் கொண்டுபோய் ‘டெவில்ஸ்’ ஆக்கியவர். அவர் உரிமையாளராக இருந்தபோதே அந்த அணி 1995-இலும் 2000-இலும் அந்த லீக்கின் பட்டமான ஸ்டான்லி கோப்பையை வென்றது. அமெரிக்க ஐஸ் ஹாக்கியின் உச்சத்தைத் தொட்ட ஒருவரை இந்தக் கல்விக்கூடம் தந்திருக்கிறது. ஆனாலும் இன்றுவரை அதன் ஆண்கள் ஐஸ் ஹாக்கி அணி ‘கிளப்’ அணிதான். (இந்தக் கட்டுரை ஆண்கள் அணியைப் பற்றியது மட்டுமே.)

நியூயார்க் மாநிலத்தின் வெஸ்ட் பாயிண்டில் இருக்கும் தரைப்படை அகாடமிக்கும், கொலராடோ ஸ்பிரிங்ஸில் இருக்கும் விமானப்படை அகாடமிக்கும் நிலைமை வேறு. இரண்டுமே கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் முதல் பிரிவில் ஆடுகின்றன. அதாவது அமெரிக்கக் கல்லூரி ஹாக்கியின் மேல் அடுக்கு. அறுபது சொச்சம் அணிகள்தான் அதில் இருக்கின்றன. மூன்று அகாடமிகளும் ஒரே மாதிரி ஆட்களைச் சேர்த்து, ஒரே மாதிரிக் கட்டுப்பாட்டில் வளர்க்கின்றன. இரண்டு மேலே, ஒன்று மட்டும் கிளப். இதைத் தாழ்வாக நினைத்துக்கொள்வது எளிது. என் பார்வையில் அது தவறான கணிப்பு.

முதலில் இந்த ஆட்டத்தைப் பற்றி இரண்டு வரி. நமக்கு ஹாக்கி என்றால் கோவில்பட்டி: வளைந்த மட்டை, பந்து, வெயில். இது வேறு ஆட்டம். இருநூறு அடி நீளம், எண்பத்தைந்து அடி அகலமுள்ள பனித்தளம். பந்துக்குப் பதில் ‘பக்’ எனும் கெட்டி ரப்பர் வில்லை, எடை ஏறத்தாழ 170 கிராம். கோல்கீப்பரையும் சேர்த்து ஒரு பக்கம் ஆறு பேர். இருபது நிமிடம் வீதம் மூன்று பகுதிகள். யாரும் தொடர்ந்து ஆட மாட்டார்கள். முக்கால் நிமிடம் உயிரைக் கொடுத்து ஓடிவிட்டு பெஞ்சுக்குத் திரும்ப வேண்டும். அடுத்த வரிசை ஆட்டம் நிற்காமலேயே உள்ளே குதிக்கும். உடம்போடு உடம்பு மோதுவது ஆட்டத்தின் ஒரு பாகம். கல்லூரி அளவில் முகம் முழுக்க மறைக்கும் கம்பி வலையோ கண்ணாடியோ கட்டாயம். தொலைக்காட்சியில் பார்க்கும் அந்தக் கைகலப்புக்கு இங்கே இடமில்லை; குத்தினால் வெளியேற்றம்.

சரி, ‘கிளப்’ என்றால் என்ன?

அமெரிக்கக் கல்லூரிகளில் விளையாட்டுக்கு இரண்டு வாசல்கள். ஒன்று ‘வர்சிட்டி’. பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறையே நடத்தும் அணி. சம்பளம் வாங்கும் பயிற்சியாளர், வீரர்களைத் தேடிப் பிடிக்கும் வேலை, உதவித்தொகை, என்சிஏஏ விதிகள் எல்லாம் அதற்கு உண்டு. இன்னொன்று கிளப். மாணவர்கள் சேர்ந்து நடத்துவது. பனித்தள வாடகை, பேருந்து, சீருடை, நடுவர் கூலி என்று பெரும்பகுதியை ஆடுகிறவர்களே கட்டுவார்கள். பல இடங்களில் பயிற்சிக்குக் கிடைக்கும் நேரம் இரவு பத்து, பதினொன்று மணி, ஏனென்றால் அப்போதுதான் தளம் காலியாக இருக்கும். இந்தக் கிளப் அணிகளுக்காக 1991-இல் உருவான அமைப்புதான் ஏசிஎச்ஏ. பல நூறு அணிகள் அதில் இருக்கின்றன. மேல் பிரிவில் ஆடும் அணிகள் லேசுப்பட்டவை அல்ல. பென் ஸ்டேட் பல்கலைக்கழகம் கிளப் அளவில் ஏழு முறை பட்டம் வென்ற பிறகு, டெர்ரி பெகுலா என்ற முன்னாள் மாணவர் கொட்டிக்கொடுத்த பணத்தின் பலத்தில் 2012-இல் என்சிஏஏ முதல் பிரிவுக்குப் போனது. அரிசோனா ஸ்டேட் 2014-இல் ஏசிஎச்ஏ பட்டம் வென்று, அடுத்த ஆண்டே அதே வழியில் போனது. அனாபொலிஸ் அணி ஆடுவதும் இந்த ஏசிஎச்ஏ மேல் பிரிவில்தான்.

இப்போது இந்த இரண்டு வாசல்களையும் ராணுவ அகாடமிக்குள் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள். கணக்கே மாறிவிடுகிறது.

வெளியே வர்சிட்டிக்கும் கிளப்புக்கும் நடுவே இருக்கும் பெரிய சுவர் உதவித்தொகை. அகாடமியில் அந்தச் சுவரே கிடையாது. அங்கே யாருமே கட்டணம் கட்டுவதில்லை. படிப்பு, உணவு, தங்குமிடம் எல்லாம் அரசுச் செலவு. கையில் மாதாமாதம் சம்பளமும் வரும். அதற்கு ஈடாக, படித்து முடித்ததும் குறைந்தது ஐந்து ஆண்டு ராணுவத்தில் பணியாற்ற வேண்டும். அமெரிக்கக் கால்பந்து அணியின் நட்சத்திரத்துக்கும், அறையை விட்டு வெளியே வராத கணிதப் பிரியனுக்கும் ஒரே ஒப்பந்தம். ஐஸ் ஹாக்கி ஆடுகிறவன் அதற்காக ஒரு டாலர் கூடுதலாகப் பெறுவதும் இல்லை, ஆடாதவன் இழப்பதும் இல்லை.

இரண்டாவது வித்தியாசம் இன்னும் முக்கியமானது. வெளிக் கல்லூரியில் விளையாட்டு விருப்பம். அனாபொலிஸில் கட்டாயம். ஒவ்வொரு மிட்ஷிப்மேனும் (அங்கே மாணவர்களை இப்படித்தான் சொல்வார்கள்) வர்சிட்டியிலோ, கிளப்பிலோ, விடுதிப் பிரிவுகளுக்கு இடையிலான போட்டிகளிலோ ஆடியே தீர வேண்டும். அகாடமி தன் வேலையை மூன்றாகச் சொல்கிறது: ஒழுக்கம், அறிவு, உடல். விளையாட்டு மூன்றாவதன் பகுதி, பாடத்தைப் போலவே கால அட்டவணையில் இருக்கிறது. ஆக, வெளியே ‘கிளப்’ என்ற சொல் தரும் பொழுதுபோக்கு வாசனை இங்கே இல்லை. ஒவ்வொரு அணிக்கும் அதிகாரி ஒருவர் பொறுப்பாக இருக்கிறார். வெளியூர் போக எழுத்து மூலமான உத்தரவு வேண்டும். நடத்தையில் குறை வந்தாலோ மதிப்பெண் சரிந்தாலோ ஆட்டம் நின்றுவிடும்.

அந்த அட்டவணையைப் பார்த்தால்தான் விஷயம் புரியும். அகாடமி நெடுங்காலமாக வெளியிட்டுவரும் நாள்முறை ஏறத்தாழ இப்படி: காலை 6:30-க்குத் துயிலெழுப்பு, 7 மணிக்கு அணிவகுத்து நின்று சாப்பிடப் போக வேண்டும். 7:55 முதல் 11:45 வரை நான்கு வகுப்புகள். மறுபடி அணிவகுப்பு, மதிய உணவு, கொஞ்ச நேரம் ராணுவப் பயிற்சி. 1:30 முதல் 3:20 வரை இன்னும் இரண்டு வகுப்புகள். 3:45 முதல் 6 மணி வரை விளையாட்டு. இரவு உணவு. 8 முதல் 11 வரை படிப்பு. நள்ளிரவில் விளக்கணைப்பு. இலையுதிர் காலத்திலும் வசந்தத்திலும் வாரத்தில் சில மாலைகளைக் கவாத்து எடுத்துக்கொள்ளும்.

ஹாக்கிக்குக் கிடைப்பது அந்த இரண்டேகால் மணி நேரம். அதற்குள் உடை மாற்ற வேண்டும். ஹாக்கி உடை என்பது சட்டை, கால்சட்டை அல்ல: முழங்கால் கவசம், தோள் கவசம், முழங்கை, கையுறை, தலைக்கவசம், கத்திபோல் தீட்டிய ஸ்கேட் காலணி. கழற்றி, குளித்து, சீருடைக்குத் திரும்பி, மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். மெக்மல்லன் அரங்கம் செவர்ன் ஆற்றுக்கு அந்தப் பக்கம், வகுப்பறைகளிலிருந்து தள்ளி இருக்கிறது. போய்வர ஆகும் நேரமும் இதில்தான் கழிய வேண்டும். டால்கிரன் ஹாலின் பழைய தளம் விடுதிக்குப் பக்கத்திலேயே இருந்தது. புதிய அரங்கத்தோடு வசதி வந்தது, நிமிடங்கள் போயின.

அப்புறம் படிப்பு. அனாபொலிஸில் வரலாறு எடுத்துப் படித்தாலும் கிடைப்பது அறிவியல் பட்டம்தான். நுண்கணிதம், வேதியியல், இயற்பியல், கப்பல் பொறியியல் எல்லோருக்கும் பொது. ஏசிஎச்ஏ ஆட்டங்கள் பெரும்பாலும் வெள்ளி, சனி இரவுகளில் அடுத்தடுத்து வரும். வெளியூர் ஆட்டம் என்றால் வெள்ளி மதியமே பேருந்து. ரோட் ஐலண்ட் வரை போனால் ஒரு வழிக்கே ஆறேழு மணி நேரம். தெர்மோடைனமிக்ஸ் வீட்டுக்கணக்கைப் பேருந்தின் மங்கிய விளக்கில் போடும் பையனை நினைத்துப் பாருங்கள். திங்கள்கிழமை தேர்வு அவனுக்காக ஒத்திப்போவதில்லை.

முதலாண்டுக்காரனின் நிலைமை தனி. அவனுக்கு அங்கே ‘பிளீப்’ என்று பெயர். ஜூன் கடைசியிலோ ஜூலை தொடக்கத்திலோ வந்து சேர்ந்ததும் தலை மொட்டை, ஏழு வாரக் கோடைப் பயிற்சி. ஐந்து வயதிலிருந்து பனியில் வளர்ந்தவன் அந்த வாரங்களில் ஸ்கேட்டைத் தொட முடியாது. வகுப்பு தொடங்கிய பிறகும், எல்லா மாணவர்களும் ஒன்றாகத் தங்கும் பான்கிராஃப்ட் ஹாலின் நடைபாதைகளில் அவன் நடக்கக் கூடாது. நடுக்கோட்டில் ஓடி, மூலையில் செங்கோணமாகத் திரும்பி, ஒவ்வொரு திருப்பத்திலும் உரக்கக் கத்த வேண்டும். ஊருக்குள் போக வாரத்தில் சில மணி நேரம்தான் அனுமதி. இந்த வாழ்க்கையில் ஹாக்கி அவனுக்கு என்னவாக இருக்கும் என்று யோசியுங்கள். தளத்தில் இறங்கினால் அவனைக் கத்தவைக்க யாரும் இல்லை. நாலாமாண்டு மாணவன் விடுதியில் அவனுக்கு மேலதிகாரி மாதிரி. தளத்தில் அவனிடமிருந்து பக் வாங்கும் கூட்டாளி. வெளியூர் ஆட்டம் என்றால் இரண்டு நாள் வெளிக்காற்று. பத்து வருடம் ஆடிய ஆட்டத்தை விடாமல் இருப்பது ஒரு பக்கம். அந்த முதலாண்டைத் தாண்டுவதற்கு அது பிடிமானமாக இருப்பது இன்னொரு பக்கம். இரண்டாவதுதான் பெரியது என்று நினைக்கிறேன்.

உடல் விஷயத்திலும் ஒரு முரண் இருக்கிறது. ஹாக்கி வீரனின் தசை குறுகிய வெடிப்புகளுக்குப் பழகியது: முக்கால் நிமிடம் பாய்ச்சல், இரண்டு நிமிடம் ஓய்வு. அகாடமியின் உடல்தகுதித் தேர்வு ஆண்களிடம் கேட்பதோ ஒன்றரை மைலைப் பத்தரை நிமிடத்துக்குள் ஓடுவது. இரண்டும் வேறு வேறு சக்தி. ஆகவே பனித்தளத்துக்கு வெளியே தனியாக ஓடிப் பழக வேண்டும். நீச்சல் தேர்வு இருக்கிறது, பத்து மீட்டர் மேடையிலிருந்து தண்ணீரில் குதிப்பது உட்பட. குத்துச்சண்டையும் உடற்கல்விப் பாடத்தில் ஒன்று. பருவத்தின் நடுவில் காலில் வீக்கத்தோடு இதையெல்லாம் செய்ய வேண்டியிருக்கும்.

காயம் என்பது இங்கே இன்னொரு பொருளும் கொண்டது. வெளிக் கல்லூரி மாணவன் முழங்கால் தசைநாரைக் கிழித்துக்கொண்டால் அவனுக்குப் போவது ஒரு பருவம். மிட்ஷிப்மேனுக்கு அதிகாரிப் பதவிக்கான மருத்துவத் தகுதியே கேள்விக்குள்ளாகலாம். விமானம் ஓட்டவோ சிறப்புப் படைக்கோ போக விரும்புகிறவனுக்குத் தரம் இன்னும் கடுமை. தலையில் படும் அடியைப் பற்றி ராணுவம் தனியாகக் கவலைப்படுகிறது. 2014-இல் என்சிஏஏயும் பாதுகாப்புத் துறையும் சேர்ந்து 3 கோடி டாலரில் மூளை அதிர்ச்சி குறித்த பெரிய ஆய்வைத் தொடங்கின. ராணுவ அகாடமிகளின் மாணவர்களும் அதில் பங்கேற்றார்கள். மோதலை ஆட்டத்தின் பாகமாகக் கொண்ட ஹாக்கியில் இறங்குகிறவன், இருபது வயதில் தன் முழு வேலைவாழ்க்கையையும் கொஞ்சம் பணயம் வைக்கிறான். கைதட்ட அரங்கு நிறைந்திருக்கிறதோ இல்லையோ, பணயம் ஒன்றுதான். கிளப் என்பதால் முழங்கால் குறைவாகக் கிழிவதில்லை.

வெஸ்ட் பாயிண்ட் எப்படி மேல் அடுக்கில் இருக்கிறது என்றால், அது நூறாண்டு மரபு. ஹட்சன் ஆற்றங்கரையில் உறையும் குளிரில் 1900-களின் தொடக்கத்திலேயே ஆடத் தொடங்கிவிட்டார்கள். கனடாவின் கிங்ஸ்டன் நகரில் உள்ள ராயல் மிலிட்டரி காலேஜோடு 1923-இல் தொடங்கிய போட்டி, இடையில் சில ஆண்டுகள் விட்டுப்போனாலும், இன்றும் பேசப்படுகிறது. அந்தக் காலேஜோ 1886-லேயே குயின்ஸ் பல்கலைக்கழகத்தோடு ஹாக்கி ஆடிய இடம். வெஸ்ட் பாயிண்டின் பயிற்சியாளர் நாற்காலியில் 1950-இல் ஜாக் ரைலி உட்கார்ந்தார். 1960 குளிர்கால ஒலிம்பிக்கில் அமெரிக்கா தங்கம் வென்றபோது பயிற்சியாளர் அவர்தான். 1986-இல் அவருடைய மகன் ராப், 2004-இல் இன்னொரு மகன் பிரையன் பொறுப்பேற்றார்கள். 2025-இல் பிரையன் ஓய்வுபெறும்வரை எழுபத்தைந்து ஆண்டு ஒரே குடும்பம். இப்படிப்பட்ட தொடர்ச்சியைப் பணம் கொடுத்து வாங்க முடியாது. விமானப்படை அகாடமி 1968 முதல் வர்சிட்டியாக ஆடுகிறது. என்சிஏஏ தேசியப் போட்டிக்குப் பலமுறை தகுதிபெற்று, பெரிய பல்கலைக்கழகங்களை வீழ்த்தியும் இருக்கிறது.

அனாபொலிஸின் குளிர்காலம் அவ்வளவு கடுமையில்லை. இயற்கைப் பனியில் ஆட்டம் வேர்விட அங்கே வழி இல்லை. இது புவியியல். வர்சிட்டிக்குப் போனால் வேறொன்றும் கூடவே வரும். வட அமெரிக்காவில் என்சிஏஏ முதல் பிரிவு வீரன் பள்ளி முடிந்ததும் நேராகக் கல்லூரிக்கு வருவதில்லை. ஓரிரண்டு ஆண்டு ‘ஜூனியர்’ லீக்கில் ஆடிவிட்டு இருபது, இருபத்தொரு வயதில்தான் வருகிறான். அந்த வயதுக்காரர்களோடு மோத வேண்டுமென்றால் அகாடமியும் அப்படிப்பட்டவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டும். சேர்க்கையோ சாதாரண விஷயமில்லை: பெரும்பாலோருக்குத் தங்கள் செனட்டர் அல்லது பிரதிநிதிகள் சபை உறுப்பினரின் பரிந்துரை வேண்டும். அகாடமி ஏற்கெனவே முப்பதுக்கும் மேற்பட்ட வர்சிட்டி அணிகளை நடத்துகிறது. ஹாக்கியையும் சேர்த்தால் இருபத்தைந்துக்கும் மேற்பட்ட இடங்கள் அந்த ஆட்டத்துக்காகவே ஒதுங்கும்.

கிளப்பாக இருப்பதால் என்ன கிடைக்கிறது? அதிகாரியாக வேண்டும் என்று பதினெட்டு வயதில் முடிவெடுத்து, ஹாக்கியையும் கையோடு கொண்டுவந்தவனுக்கு இடம் கிடைக்கிறது. மின்னசோட்டாவிலோ மாசசூசெட்ஸிலோ பள்ளி அணியில் நன்றாக ஆடிய, ஆனால் ஜூனியர் லீக் வழியில் இரண்டு வருடம் செலவழிக்க விரும்பாத பையன் வெஸ்ட் பாயிண்ட் வர்சிட்டியில் பெஞ்சைத் தேய்க்கவும் இடம் பெறுவது கடினம். அனாபொலிஸில் அவன் ஆடுவான். அகாடமிக்கு வேண்டியது அதிகாரிகள். ஹாக்கி வீரர்கள் அல்ல. அந்த நோக்கத்துக்குக் கிளப் வடிவம் கச்சிதமாகப் பொருந்துகிறது என்பது என் கருத்து. இதை எதிர்த்துப் பேசுகிறவர்களின் வாதத்திலும் உண்மை உண்டு. வர்சிட்டி என்றால் மருத்துவர், உடற்பயிற்சி நிபுணர், பயண வசதி எல்லாம் கூடும். அதே அடி, அதே பயணம் படும் கிளப் பையனுக்கும் அந்தப் பராமரிப்பு கிடைக்கத்தான் வேண்டும். அதற்குப் பெயர்ப்பலகையை மாற்ற வேண்டியதில்லை என்பேன், கவனித்தால் போதும்.

மேல் அடுக்கில் ஆடினால் தொழில்முறை ஹாக்கிக்குப் போகலாமே என்று கேட்கலாம். அங்கேதான் ஐந்தாண்டு ஒப்பந்தம் குறுக்கே நிற்கிறது. டான் ஹினோட் வெஸ்ட் பாயிண்டில் ஆடிக்கொண்டிருந்தவர். 1996-இல் கொலராடோ அவலாஞ்ச் என்ற என்எச்எல் அணி அவரைத் தேர்ந்தெடுத்ததும் அகாடமியை விட்டு வெளியேறினார். 2001-இல் அந்த அணியோடு ஸ்டான்லி கோப்பை வென்றார். இரண்டாமாண்டு முடிவுக்குள் விலகினால் பணிக் கடமை கிடையாது. மூன்றாமாண்டு வகுப்பில் உட்கார்ந்தால் கட்டுண்டதாகப் பொருள். பட்டம் பெற்ற பிறகு தொழில்முறையில் ஆடவிடலாமா என்பதில் வாஷிங்டன் மாறி மாறி முடிவெடுத்திருக்கிறது: 2016-இல் தளர்த்தினார்கள், 2017-இல் இறுக்கினார்கள், 2019-இல் மறுபடி வழிவிட்டார்கள், பிறகு மறுபடி இறுக்கினார்கள். அனாபொலிஸ் கிளப் வீரனுக்கு இந்தக் குழப்பமே இல்லை. அவன் கடைசி ஆட்டம் எப்போது என்று முதல் நாளே அவனுக்குத் தெரியும்.

2018 மார்ச் 3 அன்று என்எச்எல் அந்த ஊருக்கே வந்தது. அகாடமியின் அமெரிக்கக் கால்பந்து மைதானத்தில் திறந்தவெளிப் பனித்தளம் போட்டு, வாஷிங்டன் கேபிடல்ஸும் டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸும் மோதின. கேபிடல்ஸ் 5-2 என்று வென்றது. அந்த வருடம் ஸ்டான்லி கோப்பையையும் அதுவே எடுத்தது.

ஹாக்கிக்குக் கொடுத்த மாலைகளின் விலை கடைசியில் ஒரு பட்டியலில் தெரியும். நான்கு ஆண்டுகளின் மதிப்பெண், ராணுவ நடத்தை, உடல்தகுதி எல்லாம் சேர்ந்து ஒவ்வொருவருக்கும் ஒரு தரவரிசை எண் வரும். யார் விமானத்துக்கு, யார் நீர்மூழ்கிக்கு, யார் கப்பலுக்கு, யார் மரீன் படைக்கு என்ற தேர்வில் அந்த எண்ணுக்கும் பேச்சு உண்டு. கப்பலுக்குப் போகிறவர்கள் வரிசை எண்ணின்படி மேடையேறித் தங்கள் கப்பலையும் துறைமுகத்தையும் தேர்ந்தெடுப்பார்கள். நோர்ஃபோக், சான் டியேகோ, ஜப்பானின் யோகோசுகா என்று பலகையில் பெயர்கள் குறைந்துகொண்டே வரும். விமானம் கிடைத்தவர்கள் பயிற்சிக்கு ஃபுளோரிடாவின் பென்சகோலாவுக்குப் போவார்கள். வெள்ளை மணல் கடற்கரையும் சுட்டெரிக்கும் வெயிலும் உள்ள அந்த ஊரில் ஐஸ் ஃபிளையர்ஸ் என்ற தொழில்முறை அணி இருக்கிறது, அதற்கொரு பனித்தளமும் இருக்கிறது. அனாபொலிஸிலிருந்து வரும் புது அதிகாரியின் கார் டிக்கியில் ஸ்கேட் பை இருந்தால், அதை இறக்கிவைக்க அங்கே இடம் உண்டு.